முப்பத்து நான்கு மழைவிரிப்புகள்

மைசூரு
21.10.2024

மதிப்புக்குரிய யதுகிரி மிஸ் அவர்களுக்கு,

ஏழாம் வகுப்பில் படிக்கும் மோகனப்ரியாவின் அப்பா மாதப்பன் எழுதுவது.

காட்டு முகாமுக்கு நீங்கள் அனுப்பிய அனுமதித் தாளைக் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்புகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் குறித்த நவம்பர் பதினைந்து, பதினாறு, பதினேழு மூன்று நாளும் நாங்கள் குடும்பத்தோடு மாதேஸ்வரன் மலைக்குப் போகிறோம். என் தங்கை பிள்ளைக்கு முடியிறக்குகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முடியிறக்க வேண்டும். மடி என்னுடையது என்பதால் நான் இல்லாமல் நடக்காது.

அதோடு வானிலையும் ஒரு தினுசாக இருக்கிறது. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, நாலு மணிக்கு மழை கொட்டுகிறது, விடியும்போது போர்வை கேட்கிறது. மைசூருக்குள்ளேயே இந்தக் கூத்து என்றால் முகாம் நடக்கிற பிளிகிரிரங்கன் மலை அடிவாரத்தில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் இவன் என்ன கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். ஆறு, ஏழு இரண்டு வகுப்புப் பெற்றோர்களுக்கும் சேர்த்துப் போனில் ஒரு குழு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? ஜூலை மாதம் காலை ஆறு மணிக்கு அதில் ஒருவன் "டேய் ஜடையா, எருமை, இன்னுமா தூங்கற? லாரிக்காரன் வந்து நிக்கறான்டா" என்று கத்தினானே, அது நான்தான். ஜடையன் என் கடையில் தார்ப்பாய் வெட்டுகிறவர். அவருக்கு அனுப்புவதாக நினைத்து அறுபது வீட்டை எழுப்பிவிட்டேன். இரண்டு பேர் காலை வணக்கம் வேறு போட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போவதில்லை. போன் பண்ணிப் பேசலாமென்றால் கடையில் இரண்டு மெஷின் இரைச்சல். வீட்டில் பேசினால் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்.

நீங்கள் மேல்கோட்டைக்காரர், வீட்டில் பேசுவது தமிழ்தான், படிக்கவும் படிப்பீர்கள் என்று ப்ரியா சொன்னாள். நான் எட்டாவது வரை தமிழில் படித்தவன். ஒன்பதாவதுக்கும் போனேன், அதுதான் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. அதனால்தான் உறையை ஒட்டாமல் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

முகாமைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாதப்பன்


23.10.2024

மாதப்பன் அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. எங்கள் ஆத்துத் தமிழ் பேசுவதற்கு மட்டும் ஆனது. எழுத்தை என் அம்மா ஒரு கோடை விடுமுறையில் கட்டாயப்படுத்திச் சொல்லிக்கொடுத்தார். பிழை இருந்தால் தாராளமாகச் சிரியுங்கள், எனக்குக் கேட்காது.

உங்கள் காரணத்தை நான் நம்பினேன். நம்பியதால்தான் நேற்று பள்ளி வாசலில் உங்கள் மனைவியைப் பார்த்தபோது, "முடியிறக்குகிற ஏற்பாடெல்லாம் எப்படிப் போகிறது?" என்று விசாரித்தேன். "அவனுக்கு முடியெறக்கி மூணு வருசமாச்சுங்களே மிஸ்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவுரு என்னத்த எழுதித் தொலைச்சாரு?" என்றார்.

எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் உண்டு. மழைதான் பயம் என்றால், மழை வந்தால் நடக்க மாட்டோம். யானைதான் பயம் என்றால், வழிகாட்ட ஆள் வருகிறார். வேறு ஏதாவது என்றால் எழுதுங்கள். என்னைத் தாண்டிப் போகாது.

ஒன்று சொல்ல வேண்டும். குக்கரஹள்ளி ஏரியில் இந்த வருஷம் நாற்பத்தொரு பறவைகளைப் பெயர் சொல்லி எழுதி வைத்திருப்பது இந்த வகுப்பில் உங்கள் மகள் ஒருத்திதான். அவள் என்னிடம், "எனக்கு வர இஷ்டமில்லை மிஸ்" என்றாள். ஆனால் அவளுடைய பறவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சோப்பு, டார்ச், இரண்டு ஜதை சாக்ஸ், தொப்பி, பென்சில். ஒவ்வொன்றையும் எழுதி, ஒவ்வொன்றையும் கோடு போட்டு அடித்திருக்கிறாள். இஷ்டமில்லாதவள் ஏன் பட்டியல் போட வேண்டும்?

அன்புடன்,
யதுகிரி


25.10.2024

மிஸ் அவர்களுக்கு,

முந்தாநாள் வீட்டில் எனக்கு நடந்த பூசையை எழுதினால் தாள் போதாது. "பொய் சொல்றவரு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் சொல்லப்படாதா? நானும் சேந்து சொல்லியிருப்பேனே" என்றாள் பாக்கியம். என் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்னால் ஐந்து தடவை எழுதி ஐந்தையும் கிழித்துவிட்டேன்.

ப்ரியாவுக்குத் தூக்கத்தில் படுக்கை நனைந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை, தூக்கம் ஆழம், வளர வளர நின்றுவிடும், திட்டாதீர்கள் என்றார். நாங்கள் திட்டுவதில்லை. காலையில் எழுந்து அவளே துணியை நனைத்து, அவளே பாயைக் கழுவி, அவளே ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். பன்னிரண்டு வயது.

போன வருஷம் ஹனூரில் ஒரு கல்யாணம். பெரியப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று ஏழு பெண் பிள்ளைகள் வரிசையாகப் படுத்தார்கள். விடிந்ததும் ஒருத்தி சத்தமாக, "ஏ, இங்க வந்து பாருங்கடி, மைசூர்க்காரி நம்மூருக்குக் காவேரித் தண்ணி கொண்டாந்துட்டா!" என்றாளாம். கல்யாண வீடே சிரித்தது. ப்ரியா அழவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்து, "அப்பா, பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டாள். தாலி கட்டுவதற்கு முன்னால் கிளம்பிவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை.

அது சொந்தக்காரர்கள். ஆறு மாதம் முகம் காட்டாமல் இருக்கலாம். வகுப்பில் முப்பத்து மூன்று பேருக்கு முன்னால் ஆகிவிட்டால் அவள் பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், இது என்னிடமிருந்து அவளுக்குப் போனது. பதினாலு வயது வரைக்கும் எனக்கும் இருந்தது மிஸ். சாக்கு மேல்தான் படுப்பேன். ஒரு தடவை மாமா வீட்டில் நனைந்துபோனபோது, ஆடு வந்து பண்ணிவிட்டது என்றேன். அவர்கள் வீட்டில் ஆடே கிடையாது. நாய்கூடக் கிடையாது. அன்றைக்கே எனக்குப் பொய் சொல்ல வராது என்று தெரிந்திருக்க வேண்டும், இருந்தாலும் திங்கட்கிழமை உங்களிடம் இன்னொரு தடவை முயற்சி செய்து பார்த்தேன். இந்த விஷயம் பாக்கியத்துக்கே தெரியாது. ப்ரியாவுக்கும் சொன்னதில்லை. வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சம்தான், அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பொய் எழுதியதற்கு மன்னிக்க வேண்டும். பிள்ளையை அனுப்பாததற்கு மன்னிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மாதப்பன்


28.10.2024

மாதப்பன் அவர்களுக்கு,

இதை என்னிடம் சொன்னதற்கு நன்றி. ஆறாவது தடவையாக எழுத உட்கார்ந்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் திட்டுகிற இந்த வானிலைதான் நமக்கு உதவப் போகிறது. பிள்ளைகள் தங்கப் போவது ஓட்டுக் கூரை போட்ட இரண்டு கூடங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, பையன்களுக்கு ஒன்று. தரையில் பாய். மழை அடித்தால் ஒழுகலாம் என்று அங்கே இருப்பவரே சொன்னார். ஆகவே கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலை மாற்றியிருக்கிறேன். "வானிலை நிச்சயமில்லாததால்" என்று மேலே போட்டு, எல்லோருக்கும் கூடுதலாக இரண்டு ஜதை உடுப்பு, எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள், பாய்க்கு மேல் விரிக்கத் தண்ணீர் இறங்காத விரிப்பு ஒன்று. முப்பத்து நான்கு பேருக்கும் ஒரே நிறம், ஒரே அளவு. யாருடையது எது என்று தெரியக் கூடாது. துணிச் செலவைப் பள்ளி ஏற்கிறது. தைக்க வேண்டியது நீங்கள். மழைவிரிப்பு என்று நானே பெயரும் வைத்துவிட்டேன்.

இரவில் நான் அவள் கூடத்திலேயே படுப்பேன். ஒரு தடவை எழுப்பி அழைத்துப் போகிறேன்.

ஒரு நிபந்தனை. எனக்குத் தெரியும் என்பதை நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டும். அவளுடைய விஷயத்தை அவளுக்குத் தெரியாமல் நாம் இரண்டு பெரியவர்கள் எழுதிக்கொள்கிறோம், அந்தத் தாளையும் அவள் பையிலேயே சுமக்க விடுகிறோம். சனிக்கிழமை அவள் உறையை நீட்டியபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்புடன்,
யதுகிரி


4.11.2024

மிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடுதாசியைக் கடையில் நின்றபடியே படித்தேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது. தார்ப்பாய்க் கடையில் தூசிக்குப் பஞ்சமில்லை.

தீபாவளி கழிந்த மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஆரம்பித்த விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இருபத்தாறு வருஷமாக லாரிக்கும் டிராக்டருக்கும் தைத்த கை. நல்ல கனத்த தார்ப்பாய் எடுத்து, ஓரம் இரட்டையாக மடித்து, நாலு மூலையிலும் பித்தளை வளையம் அடித்து, வளையத்தில் நைலான் கயிறும் கட்டி, பதினொன்று தைத்து அடுக்கிவிட்டேன். ப்ரியா ஒன்றைச் சுருட்டித் தோளில் வைத்துப் பார்த்தாள். பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்தது. ஜடையன் பீடியை எடுத்துவிட்டு, "ஏன் மேஸ்திரி, பிள்ளைங்க காடு பாக்கப் போவுதா, செங்கல் லாரி மூடப் போவுதா?" என்றார். எடை போட்டேன். ஒன்று மூன்றரைக் கிலோ.

பதினொன்றையும் தள்ளி வைத்துவிட்டு, மழைக்கோட்டுத் தைக்கிற மெல்லிய துணி வாங்கி வந்தோம். மடித்தால் நோட்டுப் புத்தகம் அளவுக்கு வருகிறது. திரும்பிப் படுத்தால் சத்தம் வராது, அதை நானே தரையில் விரித்து உருண்டு பார்த்துவிட்டேன். குழந்தைகளுக்குப் போடுகிற ரப்பர் ஷீட் என்றால் மொறுமொறுவென்று ஊரைக் கூட்டும். நிறம் கரும்பச்சை. முப்பத்து நான்குக்கு இருபது முடிந்தது. வளையம் மட்டும் வைத்திருக்கிறேன். காட்டுக்குப் போகிறவர்களுக்குக் கட்ட ஒரு வளையமாவது வேண்டாமா?

நான் இன்னும் கையெழுத்தே போடாத முகாமுக்குப் பாக்கியம் பை கட்டிக்கொண்டிருக்கிறாள். நேற்று வரைக்கும் ஒரு டப்பா முறுக்கு, விக்ஸ், ஸ்வெட்டர் இரண்டு, குரங்குக் குல்லா, அட்டைக்கு உப்பு, இன்னொரு டப்பா முறுக்கு. ப்ரியா எடுத்து வெளியே வைக்கிறாள், இவள் உள்ளே வைக்கிறாள். பட்டியலில் நீங்கள் வேண்டாம் என்று எழுதாததெல்லாம் உண்டு என்று பாக்கியம் சொல்கிறாள்.

உங்கள் நிபந்தனையைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை, "ப்ரியா, டார்ச்சுக்குப் பேட்டரி இருக்கா?" என்று வந்தது. இன்னொரு தடவை கொட்டாவி வந்தது. அவளுக்குத் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டுமே மிஸ். தமிழில்தானே எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாதப்பன்


6.11.2024

மாதப்பன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் மகளிடம் கொடுக்கவில்லை. பியூன் பசவராஜ் கடைக்கே கொண்டுவருவார். காரணம் இதுதான்.

இன்று காலை பறவை பார்க்க ஏரிக்குப் போனோம். சாலையோரம் தமிழ்நாட்டு லாரி ஒன்று நின்றது. பின்னால் இரண்டு வரி எழுதியிருந்தது. பிள்ளைகள் என்ன என்ன என்றார்கள். மோகனப்ரியா நடந்துகொண்டே அதைத் தடங்கலில்லாமல் படித்து, கன்னடத்தில் அர்த்தமும் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பக்கத்தில் போய், "தமிழ் படிக்க எப்போது கற்றாய்?" என்று கேட்டேன்.

"மாதேஸ்வரன் மலையில கடை போர்டெல்லாம் ரெண்டு பாஷையிலயும் இருக்கும் மிஸ். கன்னடத்த வச்சுத் தமிழக் கண்டுபிடிச்சேன். தேங்காய், கற்பூரம், ரூம் வாடகை. அப்புறம் பஸ் போர்டு. அப்புறம் எல்லாம் வந்திருச்சு."

பிறகு அவளே சொன்னாள். "அப்பா எழுத்துதான் கொஞ்சம் கோணல். ஆனா படிச்சிடலாம்."

அதைச் சொல்லிவிட்டு, அதோ நீர்க்காகம் என்று கை காட்டினாள்.

எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். உங்களுடையதையும் என்னுடையதையும். இனி நாம் சொல்வதற்கு ஒன்றும் மீதியில்லை. கேட்பதற்கு மட்டும்தான் இருக்கிறது. தயவுசெய்து இன்றே அவளிடம் பேசுங்கள்.

யதுகிரி


9.11.2024

மிஸ் அவர்களுக்கு,

பசவராஜ் உங்கள் கடுதாசியைக் கொடுத்த நேரத்தில் ப்ரியா கடையில்தான் இருந்தாள். துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. சொந்தக் கடையை விட்டு எங்கே ஓடுவது? மெஷினை நிறுத்தினேன்.

"ப்ரியா, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"ஆடு வரைக்கும்."

ஜடையன் தலையைத் தூக்கி, "எந்த ஆடு?" என்றார். அவரை டீ வாங்கிவர அனுப்பினேன்.

அவள் நோட்டை மூடி வைத்தாள். "நெஜமாவா அப்பா? பதினாலு வயசு வரைக்குமா?"

"பதினாலும் ரெண்டு மாசமும்."

"அப்புறம் எப்படி நின்னுச்சு?"

"தெரியல கண்ணு. ஒரு நாள் இல்ல. அப்புறம் ஒரு வாரம் இல்ல. அப்புறம் நானே மறந்துட்டேன்."

"மறந்தே போயிட்டியா?"

"மறந்தே போயிட்டேன்."

இதை மட்டும் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே பதிலைச் சொன்னேன். பிறகு கட்டை விரலால் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இத ஏன்ப்பா முன்னாடியே சொல்லல? நம்ம வீட்டுலயே நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்."

மிஸ், கல்யாண வீட்டில் சிரித்தார்களே, அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. திட்டாமல் வளர்க்கிறோம் என்று பெருமையாக இருந்தேன். டாக்டர் சொன்னதையெல்லாம் செய்தேன். காசில்லாத மருந்து ஒன்று என்னிடம் பன்னிரண்டு வருஷமாக இருந்தது, மரியாதை போய்விடும் என்று வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். "தப்புதான் கண்ணு" என்றேன். "போ, பரவால்ல. நீ ஆடுன்னு சொன்னத நெனச்சுத்தான் கணக்குப் பரீட்சையில சிரிச்சுட்டேன். மிஸ் மொறச்சாங்க" என்றாள்.

பிறகு தன் பங்குக்கு நிபந்தனை போட்டாள். எழுதிக்கொள் என்றாள், எழுதிக்கொண்டேன். நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்ப வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, காலைத் தொட்டால் போதும். டார்ச்சை முகத்தில் அடிக்கக் கூடாது. பையை அவளேதான் கட்டுவாள், அம்மா பக்கத்தில் வரக் கூடாது. முறுக்கு ஒரு டப்பா மட்டும்.

"அப்ப போறியா?" என்றேன்.

"கையெழுத்துப் போடு, போறேன்."

போட்டுவிட்டேன். தாள் இத்துடன் இருக்கிறது. இந்த உறையையும் அவளிடம்தான் கொடுக்கிறேன், படிப்பாள் என்று தெரிந்தே. ஆகையால் அவளுக்கு முன்னாலேயே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் அந்த நிபந்தனையைப் போடாமல் இருந்திருந்தால் நான் கொட்டாவி விட்டே காலத்தைக் கழித்திருப்பேன். ரொம்ப நன்றி மிஸ்.

விரிப்புகள் முப்பத்து நான்கும் தயார். புதன்கிழமை ஜடையன் கொண்டுவந்து இறக்குவார்.

இப்படிக்கு,
மாதப்பன்


19.11.2024

மாதப்பன் அவர்களுக்கு,

மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். ப்ரியா உங்களிடம் எப்படிச் சொன்னாள் என்று தெரியாது. நடந்ததை நான் என் வாயால் சொல்ல வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு இடித்துக்கொண்டு வந்த மழை விடிகிற வரைக்கும் விடவில்லை. கூடத்தில் ஏழு இடத்தில் ஒழுகியது. உங்கள் விரிப்புகள் இல்லாவிட்டால் முப்பத்து நான்கு பேரும் சளியோடுதான் திரும்பியிருப்பார்கள். அந்தப் பித்தளை வளையங்களில் கயிறு கோத்து, ஆறு விரிப்புகளை ஒழுகும் இடத்துக்கு மேலே கட்டினோம். எல்லோரும் உங்கள் பெயரைக் கேட்டார்கள். இரண்டு மணிக்கு நான் காலைத் தொட்டேன், எழுந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாம் நாள் காலை மழை இருந்த சுவடே இல்லை. ஒன்பது கிலோமீட்டர் நடந்தோம். மலை இருவாட்சி ஒன்றை எல்லோருக்கும் முன்னால் பார்த்துச் சொன்னவள் உங்கள் மகள்தான். இரவு வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது. நான் போனில் அலாரம் வைத்தேன். அது அடித்திருக்கிறது. நான் அணைத்திருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. கண் விழித்தபோது மணி ஏழு.

அவள் இடம் காலியாக இருந்தது. வெளியே ஓடினேன். துணி காயப்போடும் கம்பியில் தன் விரிப்பையும் போர்வையையும் போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். ஒரு சொட்டு மழை இல்லை. முப்பத்து மூன்று விரிப்புகள் உலர்ந்து கிடக்க, கம்பியில் அவளுடையது மட்டும். பின்னாலேயே பல் தேய்த்துக்கொண்டு வகுப்புத் தலைவி சிந்தனா, இன்னும் நாலைந்து பேர். வாய்க்கு வந்த பொய்யை அவிழ்த்துவிடப் போனேன். "நான்தான் தண்ணீர் பாட்டிலை..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"வேண்டாம் மிஸ்" என்றாள் ப்ரியா.

சிந்தனா, "என்னடி இது, ஏன் நனைஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத் தூக்கத்துல ஆயிடும். தினமும் இல்ல, சில நாள். எங்க அப்பாவுக்கும் பதினாலு வயசு வரைக்கும் ஆச்சு. அப்புறம் தானா நின்னுடுச்சு."

ஒருத்தி சிரித்தாள். பொய் சொல்ல மாட்டேன், சிரித்தாள். சிந்தனா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வாயில் நுரையோடு, "யாரு, இந்த விரிப்பு தைச்ச அங்கிளா?" என்றாள்.

"அவருதான்."

"அவருக்கேவா!" என்றாள். பிறகு போர்வையின் மறுமுனையைப் பிடித்து ப்ரியாவோடு சேர்ந்து பிழிந்தாள். பிழிந்து முடித்ததும், உப்புமா ஆறிப்போகும் வா என்று இருவரும் போய்விட்டார்கள். நான் கம்பிக்குப் பக்கத்தில் தனியாக நின்றேன். காலைச் சாப்பாட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பேருந்தில் ஒரு பையன் ஏதோ ஆரம்பித்தான். சிந்தனா ஒரே வார்த்தையில் அவனை உட்கார வைத்தாள். அந்த வார்த்தையை ஆசிரியை எழுதக் கூடாது.

ஒரு வேலைதான் என்னிடம் கொடுத்தாள் உங்கள் மகள். இரண்டு மணிக்குக் காலைத் தொடுவது. அதை நான் செய்யவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மிஸ், நீங்களும் ஆழமாத் தூங்கறீங்க" என்றாள். உங்களிடமும் கேட்கிறேன்.

யதுகிரி


23.11.2024

யதுகிரி மிஸ் அவர்களுக்கு,

மன்னிப்பு என்ற வார்த்தையை நீங்கள் எனக்கு எழுதவே கூடாது. ஒன்பது கிலோமீட்டர் நடந்துவிட்டு எழுந்திருக்கவில்லை என்கிறீர்கள். நான் வீட்டிலிருந்து கடைக்கு நடந்தாலே தார்ப்பாய் மேல் சாய்ந்துவிடுகிறவன். அன்றைக்கு அறுபது வீட்டை எழுப்பியவனும் நான்தான், அந்த ஜடையன் ஒருத்தர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ப்ரியா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் இருவாட்சியைப் பற்றி அரை மணி நேரம். அதன் மூக்கு, அதன் சத்தம், அது பறந்த உயரம். மற்ற விஷயத்தை நடுவில் ஒரு வரியாகச் சொன்னாள், ஏதோ தொப்பியைத் தொலைத்துவிட்டேன் என்கிற மாதிரி. பாக்கியம் என்னைப் பார்த்தாள். "பதினாலு வயசு வரைக்குமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல?" என்றாள். பிறகு சாப்பாடு போடும்போது ஒரு தோசை கூடுதலாக வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நனைந்தது. முன்பு மாதிரி ஊதுபத்தி ஏற்றவில்லை. துணியை வாளியில் போட்டுவிட்டுப் பறவை நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நான் எந்த முகத்தோடு வருவது என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வீடுகளுக்கும் தெரிந்த மாதிரிதான். ஆனாலும் வருவேன். உங்களை நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும். தாளில் நன்றி என்று எழுதினால் ஒரு சொல்லில் முடிந்துபோகிறது.

நேற்று மத்தியானம் கடைக்கு ஒருவர் வந்தார். உங்கள் பள்ளியில் ஆறாவது படிக்கிற பையனுடைய அப்பா என்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஸ்கூல் பிள்ளைங்களுக்குத் தச்சீங்களே, மழைவிரிப்பு. அதுல ஒண்ணு வேணும். கட்டில் அளவுக்கு."

"பெரியவங்களுக்கா சார், பிள்ளைக்கா?"

"பையனுக்கு." ஜடையனை ஒரு பார்வை பார்த்தார். "மழை பாருங்க, எப்ப வரும்னே சொல்ல முடியல."

வெளியே தார் உருகுகிற வெயில். நான் டேப்பை எடுத்து நீளம், அகலம் கேட்டு எழுதிக்கொண்டேன். இன்னும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போய்விடுவார். போனால் வீட்டில் அந்தப் பையன், "நான் மட்டும்தான் இப்படி" என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பான்.

"சார், எனக்கும் பதினாலு வயசு வரைக்கும் இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

என்றும் நன்றியுள்ள,
மாதப்பன்